தெர்மல் ஃபியூஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கியூர்பிப், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை வகுப்புக்காக, துணி உலர்த்தியை வீட்டிலேயே பழுதுபார்ப்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மொரீஷியஸ் வெயில் தீவு என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கலாம். ஆனால் எங்கள் ஊர் கியூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே போர்ட் லூயியில் வெயில் கொளுத்தும்போது இங்கே தூறிக்கொண்டிருக்கும், கொடியில் போட்ட துணி காயாமல் முடைநாற்றம் எடுத்துவிடும். அதனால் இந்தப் பக்கம் உலர்த்தி நின்றுபோனால் வீடே தவித்துப்போகிறது.

உருளை, வார்ப்பட்டை, சூடாக்கும் கம்பிச்சுருள் என்று மற்ற உறுப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்தாயிற்று. தெர்மல் ஃபியூஸ் ஒன்றுதான் பாக்கி. காற்று வெளியேறும் வழியைப் பஞ்சுத்தூசி அடைத்துச் சூடு எல்லை மீறும்போது, இது மின்னிணைப்பை ஒரேயடியாக அறுத்துவிடும். பிறகு தானாக இணையாது, புதிதாக ஒன்றைத்தான் மாட்ட வேண்டும். ஃபியூஸை 'உருகி' என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் இதை 'வெப்ப உருகி' என்று போட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

அம்மா, வணக்கம். 'வெப்ப உருகி' வேண்டாம். எந்த உருகியும் வெப்பத்தால்தான் உருகும், வேறு எதனால் உருகும்? சாதாரண உருகியில், அளவுக்கு மேல் ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குகிறது, கம்பி உருகிவிடுகிறது. நீங்கள் கேட்கும் உறுப்பில் மின்னோட்டம் சரியாகவே இருக்கும், சுற்றியுள்ள காற்றின் சூடுதான் அதை அறுக்கிறது. பலவற்றில் உள்ளே உருகும் கம்பியே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் இளகும் ஒரு சிறு வில்லை இருக்கும். அது இளகியதும் சுருள்வில் விடுபட்டு, தொடுமுனைகள் பிரிந்துவிடும்.

'வெப்ப உருகி' என்று படிக்கும் மாணவன் பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் உருகியை எடுத்து இங்கே மாட்டினால் என்ன ஆகும்? அது மின்னோட்டத்தைத்தான் கவனிக்கும். உலர்த்தி தீப்பிடிக்கும்வரை சும்மா இருக்கும். ஆகவே 'மிகைவெப்பத் துண்டிப்பான்' என்று எழுதுங்கள். வேலையை அப்படியே சொல்கிறது.

ரோஸ் ஹில், மின்பணியாளர்:

ஐயா சொல்லும் ஆபத்து உண்மை. இதைக் கம்பியால் நேராக இணைத்து ஓட்டிய இயந்திரங்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே கருகிய தடம் இருக்கும். ஆனால் 'மிகைவெப்பத் துண்டிப்பான்' கையில் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருப்பவனுக்கு நீளமான பெயர். என் வேலை வரிசையைச் சொல்கிறேன், பெயர் அதில் எங்கே உட்காரும் என்று பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோட்டாருக்குக் கெபாசிட்டர் இருந்தால் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அதன் முனைகளைத் தொடக் கூடாது. பின்மூடியைக் கழற்றி, இந்த உறுப்பிலிருந்து ஒரு கம்பியையாவது விடுவித்துவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நல்லது. முடிவிலி காட்டினால் போய்விட்டது. சில இயந்திரங்களில் இது போனாலும் உருளை சுற்றும், சூடு மட்டும் வராது. சிலவற்றில் இயந்திரம் கிளம்பவே கிளம்பாது. புதிதை மாட்டுவதற்கு முன் வெளிக்குழாயையும் தூசி வடிகட்டியையும் சுத்தம் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும்.

இந்த வரிசையில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். 'சூடறுப்பான்' எப்படி?

மட்டக்களப்பு, எழுத்தாளர்:

தம்பி, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தோன்றும். அறுத்த நெற்கதிரை அடுக்கிவைத்த குவியல்தான் எங்களுக்குச் சூடு. 'சூடடித்தல்' என்றால் அந்தக் கதிரை அடித்து நெல்லைப் பிரிப்பது. 'சூடறுப்பான்' என்று கேட்டால் வயலில் நிற்கும் ஆள்தான் நினைவுக்கு வருவான்.

இதைத் தொட்டுவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுடு என்பது சூடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடு ஆவதும் படு பாடு ஆவதும் அப்படித்தான். ஆனால் நெற்சூடு அந்தச் 'சுடு'விலிருந்து வந்திருக்காது என்பது என் எண்ணம். பூச்சூடுவதில் உள்ள சூடு, ஒன்றைச் சூழ வைப்பது. கதிர்க்கட்டுகளையும் வட்டமாகச் சூழ்ந்துதானே அடுக்குகிறோம்? சூழ், சூடு, சூடாமணி எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். யாராவது இதைத் தொடர்ந்து ஆராய்ந்தால் மகிழ்வேன்.

அப்புறம், ஆசிரியை 'பஞ்சுத்தூசி' என்று எழுதியிருக்கிறார். அதற்குத் 'துய்' என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. பஞ்சின் மெல்லிய நுனி துய். சங்கப் பாட்டில் 'துய்த்தலை மந்தி' வருகிறது, பஞ்சுபோல் மயிர்த்தலை கொண்ட பெண்குரங்கு. ஓரெழுத்தும் ஒற்றுமாக இவ்வளவு அழகான சொல்லை விட்டுவிடலாமா?

ரோஸ் ஹில், மின்பணியாளர்:

அண்ணா, சொல் அழகுதான். ஆனால் 'துய் வடிகட்டி' என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் அகராதியைத் திறப்பார்கள், அங்கே துய்த்தல் என்றால் அனுபவித்தல் என்று இருக்கும். பிறகு அந்த வரி அவர்களுக்குப் புரியவே புரியாது. 'பஞ்சுத்தூசி'யிலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பாலியஸ்டர் துணியிலிருந்தும்தான் அது உதிர்கிறது, அதில் பஞ்சு எங்கே? 'நூல்தூசி' என்று போடுங்கள்.

மோக்கா, தமிழ் ஆய்வு மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். 'நூல்தூசி'க்கு என் ஆதரவு.

பெரிய கேள்விக்கு வருகிறேன். உருகி என்பதில் உள்ள 'இ' விகுதி செய்பவனையும் குறிக்கும், செய்யப்படுவதையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். ஊருணி ஊரார் உண்பது, மண்வெட்டி மண்ணை வெட்டும் கருவி. உருகி தானே உருகுவது. உருக்கி என்று வல்லினம் மிகுந்தால் பிறவற்றை உருக்குவது ஆகிவிடும், அந்த எழுத்துப்பிழையைக் கையேட்டில் கவனிக்க வேண்டும். 'அறுப்பான்' என்பதில் இந்தத் தெளிவு இல்லை. எதை அறுக்கிறது, தன்னையா, கம்பியையா?

என் பரிந்துரை இரண்டு சொற்களை இணையாக வைப்பது. பிளக்கில் இருப்பது மின்னுருகி. உலர்த்திக்குள் இருப்பது சூட்டுருகி. மின்னால் உருகுவது, சூட்டால் உருகுவது, இரண்டும் மூன்றாம் வேற்றுமைத் தொகை. சூடு என்பது வேற்றுமைப் புணர்ச்சியில் சூட்டு என்று இரட்டிப்பதால் 'சூடுருகி' என்று எழுதக் கூடாது. ஒன்றை மட்டும் படித்தால் ஐயா சொன்ன குழப்பம் வரும். இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்தால் வராது.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

மகளே, இலக்கணம் சரி, இயற்பியல் சரியில்லை. மின்னுருகியும் சூட்டால்தான் உருகுகிறது என்று முதலிலேயே சொன்னேன். அதை மறைத்துப் பெயர் வைத்தால் பிள்ளைகள் தவறாகக் கற்பார்கள். உண்மையைச் சொன்னால், கடைக்காரரிடம் போய்ச் 'சூட்டுருகி கொடுங்கள்' என்று யாரும் கேட்கப் போவதில்லை. 'தெர்மல் ஃபியூஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் எல்லாருக்கும் புரியுமே? புரியாத தூய்மையால் என்ன பயன்?

கியூர்பிப், ஆசிரியை:

ஐயா, இந்த ஒரு இடத்தில் நான் உங்களோடு உறுதியாக மாறுபடுகிறேன். நீங்கள் சொல்வது சென்னைக்குப் பொருந்தும். அங்கே ஃபியூஸ் வீட்டுச்சொல், பாட்டிக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் பிரெஞ்சு கேட்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழைப் பள்ளியில் கற்கிறார்கள். அவர்கள் வாயில் இதற்கு 'ஃபிசிப்' என்று பெயர். தமிழ் எழுத்தில் 'ஃபியூஸ்' என்று எழுதினால் அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய மூன்றாவது சொல் அது. 'உருகு', 'சூடு' இரண்டும் அவர்கள் தொடக்கப் பள்ளியில் படித்த சொற்கள். சூட்டுருகியைப் பார்த்தவுடன் பாதிப் பொருள் கைக்கு வந்துவிடும். தூய தமிழும் எளிய தமிழும் சென்னையில் சண்டை போடலாம். இங்கே பலமுறை அவை ஒன்றேதான்.

எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998-இல் வந்த நோட்டுகளில் வரிசை மாறித் தமிழ் இந்திக்குப் பின்னால் போனபோது எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. நோட்டில் அந்த இடத்தைக் காத்துக்கொண்டோம். வீட்டில் ஓர் இயந்திரத்தைக் கழற்றும்போது படிக்க ஒரு தமிழ்ப் பக்கம் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கையேடே.

கடை விஷயத்துக்குப் பெயரே வேண்டாம். இயந்திரத்தின் மாடல் எண்ணையும், பழைய உறுப்பின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையையும் காட்டி அதே அளவில் வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

மட்டக்களப்பு, எழுத்தாளர்:

நெற்சூட்டை மறந்துவிட்டுச் 'சூட்டுருகி'க்கே நானும் கை தூக்குகிறேன். துய்யை மட்டும் அடுத்த கையேட்டுக்கு மனத்தில் வையுங்கள்.

ரோஸ் ஹில், மின்பணியாளர்:

எனக்கும் சரி. வாயில் சுலபமாக வருகிறது.

கியூர்பிப், ஆசிரியை:

நன்றி. இன்று இரவு பக்கங்கள் போகின்றன. ஐயாவின் கவலைக்காக, சொல் முதலில் வரும் இடத்தில் தடித்த எழுத்தில் இப்படிப் போட்டிருக்கிறேன்: "சூட்டுருகி: உலர்த்திக்குள் சூடு எல்லை மீறினால் இணைப்பை ஒருமுறை அறுக்கும் உறுப்பு. இதற்குப் பதிலாக மின்னுருகியையோ வெறும் கம்பியையோ ஒருபோதும் மாட்டாதீர்கள்." தூசிக்கு 'நூல்தூசி'.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

விளக்கம் நன்றாக இருக்கிறது, அம்மா. பெயரைப் பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. சொற்பட்டியலில் 'மிகைவெப்பத் துண்டிப்பான்' என்பதையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள், பெரிய வகுப்புகளுக்கு உதவும். அப்புறம், தெர்மோஸ்டாட்டுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அது சூட்டில் பிரிந்து, ஆறியதும் திரும்பச் சேரும். உங்கள் 'உருகி' அங்கே உதவாது.