வெப்லி மார்க் 6: லைசென்ஸ், துரு, .45 தோட்டா

குளச்சல்காரன்:
தாத்தா காலமாகி இரண்டு வாரம் ஆகிறது. அவர் பேரில் லைசென்ஸ் உள்ள வெப்லி ரிவால்வர் வீட்டில் இருக்கிறது. ஆறு அங்குல பேரல், ஃபிரேமில் 1917, அம்புக்குறி முத்திரை. நூறு வருஷம் தாண்டியதால் ஆன்டிக் என்று லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா? தோலுறையிலேயே கிடந்ததால் சிலிண்டரில் செந்துரு. தேங்காய் எண்ணெய் பூசலாமா? .45 ஏசிபி (கோல்ட் தானியங்கி பிஸ்டலுக்கான) தோட்டா இதில் சுடலாம் என்கிறார்கள், உண்மையா?

தக்கலை_வக்கீல்:
வைத்துக்கொள்ள முடியாது. 1959 ஆயுதச் சட்டம் 45(சி) வயதை மட்டும் பார்ப்பதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. உங்களுடையது சுடும். அதோடு இதன் சொந்தத் தோட்டா .455, அது போகும் ரிவால்வர் தடைசெய்யப்பட்ட வகை, கலெக்டர் ஆபீஸோடு வேலை முடியாது, மத்திய உள்துறை வரை போகும். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டதால் 21ஆம் பிரிவுப்படி பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலரிடமோ தாமதமில்லாமல் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மிச்சத் தோட்டா இருந்தால் அதையும் சேர்த்து. வாரிசு மனுவெல்லாம் பிறகு. ஃபிரேம் எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். திருவிதாங்கூர் காலத்து மலையாளக் காகிதம் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய_இரும்பு:
ஒப்படைக்கும் முன் ஒரு நாள் வேலைதான். இடப்பக்க லீவரைக் கட்டைவிரலால் அழுத்தி பேரலைக் கீழே மடக்குங்கள். சிலிண்டரின் ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மற்றது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளானால் காறிப் பிசினாகும், அதன் அமிலம் இரும்பையும் அரிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். செந்துருவில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து முரட்டுத் துணியால் தேயுங்கள். எமரி தாள் பட்டால் நீலப்பூச்சு போய்விடும், மதிப்பும் போய்விடும். தோலுறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும். எண்ணெய்த் துணியில் சுற்றி சிலிக்கா ஜெல் பையோடு கொடுங்கள்.

பேரலுக்குள் குழி குழியாக இருந்தால் பழைய தோட்டாவின் கேப் மருந்து (அடியில் தீப்பொறி தருவது) விட்ட உப்புதான் காரணம். எண்ணெயில் அது கரையாது. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பை எண்ணெயில் போட்டுப் பார்த்தால் புரியும். வெந்நீர் விட்டுக் கழுவி, உடனே காயவைத்து, எண்ணெய் போட வேண்டும்.

மார்த்தாண்டம்_77:
வெந்நீருக்கு முன் கைப்பிடித் தகடுகளைக் கழற்றுங்கள். அவை கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். வெந்நீரும் வெயிலும் பட்டால் கறுப்பு பழுப்பாகிவிடும். ஒரே ஒரு திருகுதான், ஆனால் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை சிதையும்.

.45 ஏசிபி விஷயம்: சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து குறைத்தால்தான் கிளிப்போடு (தோட்டாக்களைப் பிடிக்கும் தகடு) அது உட்காரும். வெளிநாட்டுச் சந்தையில் அப்படிக் கடைந்தவை நிறைய. உட்கார்ந்தாலும் ஆபத்துதான். .455க்கு அழுத்தம் 13,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வாக்கில், ஏசிபிக்கு 21,000. மடக்கும் ஃபிரேமின் தாழ்ப்பாள் தளரும், சிலிண்டர் பிளக்கவும் கூடும். இன்னொன்று, சிலிண்டர் வாய் பல துப்பாக்கிகளில் 0.450 அங்குலம், பேரலுக்குள் உள்ள திருகுவரிப் பள்ளம் 0.454 வாக்கில். .455இன் அடி குழிவான 265 கிரெய்ன் (சுமார் 17 கிராம்) ஈயக் குண்டு விரிந்து அந்த இடைவெளியை அடைக்கும். ஏசிபியின் செம்பு உறை போட்ட குண்டு விரியாது.

குளச்சல்காரன்:
ஃபிரேம் எண் சரி, சிலிண்டரில் வேறு எண்.

பழைய_இரும்பு:
ராணுவப் பட்டறையில் சிலிண்டர் மாற்றியிருக்கலாம். இரண்டு எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.