13,500 ரூபாய் ஸ்வெட்டர்: நாகர்கோவில்காரி வைத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பணுமா?

கோட்டாறு_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைனில் ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறேன். முன்பக்கம் பட்டன் வைத்தது, நூறு சதவீதம் மெரினோ ஆட்டுக் கம்பளி, இரண்டு பிரி நூல், வெண்ணெய் நிறம், விலை 13,500 ரூபாய். டேக்கைக் கிழிக்கவில்லை. வருகிற ஞாயிறு வரை திருப்பி அனுப்பலாம், அளவோ நிறமோ மாற்றியும் வாங்கலாம். வேலை திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில், என் தலைக்கு நேர் மேலே ஏசி. வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். ஜனவரியில் அலுவலக வேலையாக டெல்லி போக வேண்டும். பார்சலைப் பிரித்ததிலிருந்து அம்மா ஒரே பாட்டு: "ஆடிக் காத்துக்கே போர்வை தேடாத ஊர்ல உனக்கு எதுக்குடி கம்பளி?" வைத்துக்கொள்ளலாமா? தயவுசெய்து "உங்க விருப்பம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குலசேகரம்_ரப்பர்:
திருப்பி அனுப்புங்க, இதில் யோசிக்க என்ன இருக்கு? நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஜூனில் தென்மேற்கு ஆரம்பிக்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போடாமல் கொடியில் விட்டுப் பாருங்க, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து நிற்கும். பீரோவுக்குள் இருக்கிற தோல் பெல்ட்டும் கல்யாணப் பட்டும் படுகிற பாடு எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அந்த பீரோவில் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாயை மடித்து வைப்பீங்களா? நான் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவன். மார்கழியிலும் ஒரு குரங்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை, அவ்வளவுதான்.

தக்கலை_அண்ணாச்சி:
தம்பி சொல்வதை நான் வழிமொழிகிறேன். என் கணக்கு வேறு. அந்த 13,500-ல் வரி மட்டுமே இரண்டாயிரத்துச் சொச்சம் மக்களே. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்குள் என்றால் 5 சதவீதம்தான். திருப்பூரில் பருத்தியில் பின்னிய நல்ல முழுக்கைச் சட்டை ஆயிரத்துக்குள் கிடைக்கும். ஏசிக்கு அது போதாதா? நம் ஊரில் டிசம்பர் விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏசி அதிகமாக இருந்தால் அட்மின் ஆபீசில் சொல்லி அதைக் குறைக்கச் சொல்லலாம், அதற்குச் செலவே இல்லை.

கோட்டாறு_பொண்ணு:
அண்ணாச்சி, அட்மினிடம் சொல்லியாச்சு. குறைத்தால் இன்னொரு வரிசைக்காரர்கள் வியர்க்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள்.

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
நான் எதிர்க்கட்சி. 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாரே, அந்தக் கைவேலை எங்கள் வீட்டில் பாட்டி காலம் வரை இருந்தது. அதனால் நூலைப் பற்றிக் கொஞ்சம் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் பருத்தி விஷயம். அண்ணாச்சி, இந்தப் பிள்ளை வெயிலில் ரயில் ஏறி, வேர்த்து வடிந்து போய் ஏசியில் உட்காருகிறாள். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் குளிரைக் கிளப்பும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. கம்பளி குத்தும் என்பதெல்லாம் முரட்டு நூலுக்குத்தான். நல்ல மெரினோ இழை 19 மைக்ரானுக்குக் கீழே இருக்கும், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

அடுத்து பூஞ்சை. ரப்பர் தம்பி சொல்வது பாதி சரி. ஈரத்தோடும் அழுக்கோடும் உள்ளே வைத்தால்தான் பிடிக்கும். அலசி, நிழலில் துண்டின் மேல் படுக்கப்போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஐப்பசி மழையையும் தாண்டும். வாரம் ரெண்டு நாள் உடுத்துகிற துணி பீரோவில் எங்கே கிடக்கப்போகிறது?

குலசேகரம்_ரப்பர்:
பூஞ்சையை விடுங்க அக்கா. அந்துப்பூச்சி?

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது, அதன் புழுதான் தின்னும். கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்கிற புரதம்தான் அதற்குச் சாப்பாடு, அதிலும் வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதனால்தான் துவைக்காமல் எடுத்து வைக்கவே கூடாது என்கிறேன். பாச்சை உருண்டை போட்டால் துணியோடு சேர்த்து நீங்களும் நாறுவீர்கள். சந்தேகமாக இருந்தால் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் செத்துவிடும்.

முட்டம்_காத்து:
எங்க வீட்டு ஃப்ரீசரில் நெய்மீனுக்கே இடமில்லை. இதில் ஸ்வெட்டர் வேறயா?

தக்கலை_அண்ணாச்சி:
மெஷினில் போட முடியாது, கல்லில் அடிக்க முடியாது, கொடியில் தொங்கவிட முடியாது, இப்போது ஃப்ரீசர் வேறு. இது துணியா, வீட்டுக்கு வந்த மருமகனா?

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
சிரித்துவிட்டேன் அண்ணாச்சி. ஆனால் ஒரு வசதியை மறந்துவிட்டீர்கள். கம்பளியை ஒவ்வொரு தடவை உடுத்தியதும் துவைக்க வேண்டாம். இரவு முழுக்க காற்றில் போட்டால் வாடை போய்விடும். துவைக்கும்போது கவனிக்க வேண்டியது சோப்புத் தூள்தான். கறை போக்கும் என்சைம் கலந்த தூளை மட்டும் தொடாதீர்கள். அந்த என்சைம் புரதக் கறையைக் கரைக்கும், கம்பளியே புரதம்தான். தலைக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம், பச்சைத் தண்ணீர், முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்குவது, அவ்வளவே வேலை.

டொராண்டோ_குமரி:
திருவட்டாறு பக்கத்துக்காரன், இப்போது கனடா. தங்கச்சி, டெல்லிக்காக இதை வாங்கினேன் என்று உங்களையே சமாதானம் செய்துகொள்ளாதீங்க. ஜனவரி டெல்லியில் விடியற்காலை ஏழெட்டு டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. இந்த மெல்லிசு ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே நின்றால் நடுங்குவீங்க. பின்னலின் கண் வழியாகக் காற்று அப்படியே புகுந்துவிடும். மேலே காற்றைத் தடுக்கிற ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேணும், அப்போதுதான் கம்பளி வேலை செய்யும். அந்த ஜாக்கெட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஏசிக்கு என்றால் வைத்துக்கொள்ளலாம் என்பேன். நான் இங்கே வந்த புதிதில் எடுத்த மெரினோ இன்னும் ஓடுகிறது. முழங்கையில் ஒரு தடவை நூல் தேய்ந்தது, தைத்தாச்சு.

தக்கலை_அண்ணாச்சி:
பார்த்தீர்களா, வெளிநாட்டில் இருக்கிறவரே டெல்லிக்கு உதவாது என்கிறார்.

டொராண்டோ_குமரி:
அண்ணாச்சி, நான் சொன்னதில் பாதியை வெட்டி எடுத்துக்கொள்ளாதீங்க.

கோட்டாறு_பொண்ணு:
சரி, பராமரிப்பு என்னால் முடியும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தேன். அக்குள் பக்கம் இப்போதே மெல்லிசாகத் துணுக்கு உருண்டைகள் வந்திருக்கிற மாதிரி தெரிகிறது. இவ்வளவு விலைக்கு இப்படி வரலாமா? ஏமாந்துவிட்டேனா?

குலசேகரம்_ரப்பர்:
போச்சு. பத்து தடவை உடுத்தினால் ஆடு மாதிரியே ஆகிவிடும்.

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
அவசரப்படாதீர்கள். எந்தக் கம்பளியிலும் தளர்ந்த சின்ன இழைகள் ஆரம்பத்தில் மேலே வந்து உருளும். நல்ல நூலில் அது கொஞ்ச நாளில் அடங்கும், உருண்டையும் தானே உதிரும். அக்ரிலிக் என்கிற செயற்கை நூலில் இழை வலுவானது, அதனால் உருண்டை பிடித்த பிடியை விடாது. நீங்கள் பயப்பட வேண்டியது ஸ்வெட்டர் முழுக்கப் பரவினால்தான்.

இப்போது சொல்கிற மாதிரி பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, கை உடம்போடு சேருகிற இடத்தைப் பாருங்கள். துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஓரத்தில் தடிப்பாக நூல் சுற்றியிருக்கும், பனியன் மாதிரி. அந்த வடிவத்துக்கே கண் குறைத்துக் குறைத்துப் பின்னியிருந்தால் இணைப்பு தட்டையாக இருக்கும், பக்கத்தில் சாய்வாக ஒரு வரிசை அடையாளம் தெரியும். அடுத்து மணிக்கட்டுப் பட்டியை இழுத்து விடுங்கள், உடனே சுருங்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடையாகத் தெரியக் கூடாது. கூடவே ஒரு குட்டிக் கவரில் உபரி பட்டனும் நூலும் கொடுத்திருப்பார்கள். அந்த நூலில் விரல் அகலம் வெட்டிக் கொளுத்துங்கள்.

தக்கலை_அண்ணாச்சி:
திருப்பி அனுப்ப வேண்டிய பொருளைக் கொளுத்தச் சொல்கிறார் அக்கா. நல்ல யோசனை.

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
உபரி நூல் அண்ணாச்சி, உபரி நூல்!

கோட்டாறு_பொண்ணு:
பார்த்துவிட்டேன். அப்பா தீப்பெட்டியோடு பக்கத்தில் நிற்க, அம்மா வாளியில் தண்ணீரோடு நின்றார்கள்.

கைக்குழியில் தடிப்பு இல்லை. அக்குளிலிருந்து தோளை நோக்கி ரெண்டு விரற்கடை உள்ளே தள்ளி, ஒரு கண் இன்னொரு கண்ணின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி சின்னச் சின்ன அடையாளங்கள் சாய்வாகப் போகின்றன. கழுத்துப் பட்டியில் கண்ணுக்குக் கண் கோத்து இணைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் தையலே தெரியவில்லை. பட்டன் பட்டிக்குப் பின்னால் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்திருக்கிறது. மணிக்கட்டு இழுத்ததும் சுருங்கிவிட்டது. நூலைக் கொளுத்தினால் தலைமுடி கருகுகிற நாற்றம், தீயை எடுத்ததும் அணைந்துவிட்டது. சாம்பலை விரலால் தேய்த்தால் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது.

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
உருகிக் கெட்டியான மணியாக நின்றிருந்தால் செயற்கை நூல். உங்களுடையது கம்பளிதான், பின்னலும் நல்லதுதான். என் ஓட்டு வைத்துக்கொள்ள.

சட்டம்_படிச்சவன்:
இடையில் ஒரு விஷயம். மனம் மாறித் திருப்பி அனுப்புவது கடைக்காரர் வைத்திருக்கும் விதியைப் பொறுத்தது, ஞாயிறு தாண்டினால் கெஞ்சித்தான் பார்க்க முடியும். விளம்பரத்தில் ஒன்று சொல்லி வேறொன்று அனுப்பினாலோ, பொருளில் குறை இருந்தாலோ 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. அப்படி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்யலாம். இங்கே குறை எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டதால் ஞாயிறுதான் கெடு.

குலசேகரம்_ரப்பர்:
பொருள் நல்லது என்று நிரூபித்துவிட்டீங்க. நான் பொருள் மோசம் என்று எங்கே சொன்னேன்? நல்ல பொருள் இந்த ஊருக்கு எதற்கு என்றுதான் கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கோட்டாறு_பொண்ணு:
தம்பி, உடுத்தப்போவது இந்த ஊரில் இல்லையே, ஏசிக்குள்ளேதானே.

குலசேகரம்_ரப்பர்:
ஏசிக்குள்ளே உடுத்தி வேலை செய்யணும் இல்லையா? குர்த்திக்கு மேலே போட்டுப் பாத்தீங்களா, இல்லை கண்ணாடி முன்னாடி டீஷர்ட்டுக்கு மேலே மட்டும்தானா? என் மனைவிக்கு இப்படித்தான் ஒன்று வாங்கினோம். துப்பட்டா பின் மாட்டின இடத்தில் நூல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
இது நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டியது. வளையல், பின், ஹேண்ட்பேக் வார், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, இந்த நாலும் மெல்லிய பின்னலுக்கு எமன். கார்டின் கிளிப் நாள் முழுக்க வயிற்றுப் பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். உருண்டை முதலில் அங்கேதான் வரும். குர்த்தியோடு போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டாறு_பொண்ணு:
போட்டேன். ரப்பர் தம்பி ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டீர்கள். குர்த்தியின் முக்கால் கை முழங்கையில் சுருண்டு கட்டியாக நிற்கிறது. கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது, மூன்றாவது பட்டனில் வாய் பிளக்கிறது. டீஷர்ட்டோடு போட்டால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. ஆனால் நான் ஆபீசுக்கு டீஷர்ட்டில் போவதில்லை.

தக்கலை_அண்ணாச்சி:
முடிந்தது வழக்கு. திருப்பி அனுப்புங்கள்.

டொராண்டோ_குமரி:
ஒரு அளவு பெரிதாக மாற்றினால் போச்சு. டெல்லியில் உள்ளே இன்னொரு சட்டை போடவும் இடம் கிடைக்கும். அந்த வெண்ணெய் நிறத்தையும் மாத்துங்க தங்கச்சி. ரயில் ஜன்னல் ஓரம், ஆபீஸ் கேன்டீன் மீன் குழம்பு, இதுக்கு நடுவில் வெண்ணெய் நிறமா?

ஊசிநூல்_மார்த்தாண்டம்:
நிறத்தை முதலிலேயே சொல்ல நினைத்தேன், லேஸ்காரி வெள்ளையைக் குறை சொல்லக் கூடாதே என்று விட்டேன். கருநீலம் எடுங்கள். உருண்டையும் அவ்வளவாகத் தெரியாது.

தக்கலை_அண்ணாச்சி:
எல்லாரும் சேர்ந்து பிள்ளையின் பணத்தைக் கரைக்கிறீர்கள். மாற்றி வருவது மட்டும் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? ஐந்து வருடம், வருடத்துக்கு முப்பது தடவை உடுத்தினாலும் தடவைக்கு 90 ரூபாய் ஆகிறது. 90 ரூபாய்க்கு ஒரு நேரச் சாப்பாடு ஆகிவிடும்.

கோட்டாறு_பொண்ணு:
அண்ணாச்சி, அடைமழை வாரங்கள் போக வாரம் ரெண்டு நாள் என்றாலே வருடத்துக்கு எழுபது தாண்டும். உங்கள் கணக்கிலேயே தடவைக்கு நாற்பது ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் வாங்கிக் கழித்துப்போடும் அக்ரிலிக்கையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன், அது ஒன்றும் அவ்வளவு மலிவாக இல்லை.

ஒரு அளவு பெரிது, கருநீலம் என்று மாற்றக் கொடுத்துவிட்டேன். பழையதை எடுக்க நாளைக்கு ஆள் வருகிறார். புதியது வந்ததும் குர்த்தியோடு போட்டுப் பார்ப்பேன். அக்குளில் அப்போதும் இழுத்தால் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுவேன், மாற்றிய பொருளுக்கும் தனியாக ஏழு நாள் கெடு உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். டெல்லிக்கு அத்தை மகளிடம் ஜாக்கெட் இரவல் கேட்டிருக்கிறேன்.

குலசேகரம்_ரப்பர்:
வைத்துக்கொள்ளுங்க, எனக்கு ஒன்றும் இல்லை. துப்பட்டா பின்னை மட்டும் குர்த்தியில் குத்துங்க, ஸ்வெட்டரில் வேண்டாம்.

முட்டம்_காத்து:
அம்மா என்ன சொன்னாங்க?

கோட்டாறு_பொண்ணு:
கருநீலம் என்றால் அவங்களும் பஸ்ஸில் மதுரைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாமாம்.