புதுப்பிப்பு: ட்ரெட்லாக்ஸில் ஈரத்துணி வாடை – தீர்ந்தது

அலசிய பிறகும் என் ட்ரெட்லாக்ஸில் (கயிறுபோல் திரித்த சடைமுடியில்) ஈரத்துணி வாடை வருகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஷாம்பூ மாற்றியதில் பலனில்லை. பேக்கிங் சோடா யோசனைதான் பலன் தந்தது.

ஒரு பேசின் வெதுவெதுப்பான நீரில் கால் கப் சோடா கரைத்து, சடைகளை 15 நிமிடம் ஊறவைத்து அலசவும். பிறகு ஒரு பங்கு ஆப்பிள் சைடர் வினிகரில் நாலு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, மறுபடி அலசவும். சோடா காரத்தன்மை கொண்டது; அதனால் வினிகரைத் தவிர்த்தால் முடி வறண்டு முறியலாம். அடிக்கடி செய்யவும் கூடாது.

எதிர்பாராதது: அழுக்கு சாம்பல் நிறத்தில் இறங்கியது, ஆனால் முன்பு சடையில் தடவிய பழைய தேன்மெழுகு அசையவில்லை. அது உருக 62 டிகிரி செல்சியஸாவது வேண்டும், தலை தாங்காது! வேர்ப்பக்கம் சற்றுத் தளர்ந்தது. உள்ளங்கையில் உருட்டினால் இறுகிவிடுகிறது. காலையிலேயே அலசி, துண்டால் பிழிந்து, சடையின் உட்பகுதி காயும்வரை கட்டாமல் விடுங்கள்.