மொய் நோட்டைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. பேச்சு சிகிச்சையால் சரியாகுமா?

உசிலம்பட்டிக்காரன்:
வயது 29. மதுரையில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்தால் முத்து முத்தாக வரும் கையெழுத்து, யாராவது நின்று பார்த்தால் கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும். போன ஆவணியில் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. "கணக்குப் படிச்ச பய, நீ உட்காரு" என்று மொய் நோட்டை என் முன்னால் வைத்துவிட்டார்கள். நாலாவது பேர் எழுதும்போதே பேனா ஆடியது. எதிரில் நின்றவர் "என்ன மாப்ள, ராத்திரி சரக்கா?" என்றார். பந்தலே சிரித்தது. பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தவன், செக்கானூரணி வந்துதான் பைக்கை நிறுத்தினேன். இப்போது பேங்க் சலானைக்கூட வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

நரம்பில் ஒன்றும் இல்லை, இது சமூகப் பதற்றம், சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்கிறார் டாக்டர். அம்மா பாண்டிகோயில் கயிறு கட்டிவிட்டார். பேசினால் கை நடுக்கம் எப்படி நிற்கும்?

அவனியாபுரம் அண்ணன்:
தம்பி, நான் மூன்று தடவை போனேன். மூச்சை இழுத்து விடு, தைரியமாக இரு என்றார்கள். இதைச் சொல்ல என் மாமனாரே போதும்.

மேலூர் டீச்சர்:
எனக்கும் முதலில் அப்படி ஒருவர்தான் வாய்த்தார். அடுத்து பார்த்தவர் ஆறுதலே சொல்லவில்லை. கூட்டத்தில் பேசும்போது சமாளிக்க என்னென்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார். வேர்வையை மறைக்கக் கர்ச்சீப், மடமடவென்று பேசி முடிப்பது, யார் கண்ணையும் பார்க்காமல் பீரோவைப் பார்ப்பது... பதினொன்று வந்தது. அப்புறம் இந்த உத்திகளோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை பேசவைத்து வீடியோ எடுத்தார். போட்டுக் காட்டும் முன், "எப்படித் தெரிவீர்கள்?" என்று கேட்டார். தக்காளி மாதிரி முகம் என்றேன். திரையில் யாரோ ஒரு டீச்சர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள். உத்திகளோடு பேசியதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டுப்பாடம் இன்னும் மோசம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் இருபது சேலையை எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் வர வேண்டும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனேன்: திட்டுவார்கள், கடையே திரும்பிப் பார்க்கும். கடைப் பையன் சேலையை மடித்துக்கொண்டே அடுத்தவரிடம் "அக்கா, காட்டனா பட்டா?" என்று திரும்பிவிட்டான்.

நாலு மாதம் ஆனது. பெற்றோர் கூட்டம் என்றால் இப்போதும் வயிறு கலக்கும். லீவு போடுவதில்லை, அவ்வளவுதான். தம்பி, நீங்கள் பேனாவை இறுக்கிப் பிடிப்பீர்களே? இறுக்க இறுக்க நடுக்கம் கூடும். அநேகமாக அங்கேதான் தொடங்குவார்கள்.

திருப்பரங்குன்றம், உளவியல் மாணவன்:
டீச்சர் சொன்னது அறிதல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. அதிலும் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் சமூகப் பதற்றத்துக்கு 1995-இல் முன்வைத்த விளக்கத்திலிருந்து வந்த வகை. லான்செட் சைக்கியாட்ரி மருத்துவ இதழில் 2014-இல் சமூகப் பதற்ற சிகிச்சை பற்றிய 101 ஆய்வுகளை, அதாவது 13,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து அலசினார்கள். தனி ஆளாகப் பெறும் சிபிடி முன்னுக்கு வந்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளும் பலன் தந்தன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டுதலும் சிபிடியைத்தான் முதலில் சொல்கிறது: 90 நிமிடம் வீதம் 14 அமர்வு வரை. வெறும் ஆறுதல் பேச்சை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆக, அவனியாபுரம் அண்ணனுக்குக் கிடைத்தது வேறு சரக்கு. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். போகும் முன் "சிபிடி செய்வீர்களா, வெளியே போய்ச் செய்யும் பயிற்சி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உசிலம்பட்டிக்காரன்:
டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு, இன்று டீக்கடைப் பற்று நோட்டில் பேனாவைத் தளர்வாகப் பிடித்து என் பேரை நானே எழுதினேன். ஆடத்தான் செய்தது. மாஸ்டர் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். திங்கள்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கேள்வி இரண்டையும் போனிலேயே கேட்டுவிட்டேன், "உண்டு" என்றார்கள்.