ஞாயிறு ஏழு மணிக்குள் கதிரின் லேப்டாப்

குழு: நம் வீடு

வெள்ளிக்கிழமை

கதிர், இரவு 8:41
ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து கார்ப் பந்தயம் ஆடுவதாக முடிவாகியிருக்கிறது. என் லேப்டாப் சென்ற வாரம் போலவே இழுத்து இழுத்து ஓடினால் நான் சேர்வதில் பொருளே இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

நிலா, 8:43
சென்ற வாரம் வளைவின் நடுவில் நீ சிலையாக நின்றாய். பின்னால் வந்த நான் உன் மேல் மோதிக் கவிழ்ந்தேன். அது இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

அருண், 8:44
சார்ஜரைச் செருகிக்கொண்டுதானே ஆடுகிறாய்?

கதிர், 8:44
ஆம், அண்ணா.

சுந்தரம் மாமா, 8:52
எனக்கு வந்த ஒரு குறிப்பு: தேடல் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட் பகுதிக்குச் சென்று, பிராசஸர் எண்ணிக்கையை உச்ச அளவுக்கு மாற்றினால் கணினி இரு மடங்கு வேகமாக ஓடுமாம். கூடவே கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைக் காலி செய்து தரும் ஒரு மென்பொருளின் இணைப்பும் வந்திருக்கிறது. அனுப்பட்டுமா?

முரளி சித்தப்பா, 9:06
மாமா, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அந்தக் கட்டத்தில் எதுவும் குறிக்காமல் விட்டாலே பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றையும் விண்டோஸ் பயன்படுத்திக்கொள்ளும். அதில் எண்ணைக் குறிப்பது ஒரு வரம்பை விதிப்பதுதானே தவிர, வேகத்தைக் கூட்டுவது அன்று. கோர்கள் குறைவாக இருந்தால் ஒரு நிரல் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்ப்பவர்களுக்காக வைத்த வசதி அது. ரேமைக் காலி செய்யும் மென்பொருளோ, நினைவகத்தில் இருப்பதை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு ‘காலி’ என்று பச்சை நிறத்தில் காட்டும்; அடுத்த நிமிடமே விளையாட்டு அதைத் திரும்பக் கேட்கும்போது மெதுவான டிஸ்க்கிலிருந்துதான் எடுத்து வர வேண்டியிருக்கும்.

சுந்தரம் மாமா, 9:08
நான் எதைச் சொன்னாலும் முரளிக்கு மறுப்பு உண்டு. இது புதிதல்ல.

கலா, 9:09
அண்ணா, விடுங்கள்.

சுமதி அத்தை, 9:11
நெட் இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

முரளி சித்தப்பா, 9:19
இது வேறு, அது வேறு, அக்கா. மற்றவர்களின் வண்டிகள் மட்டும் இடம் விட்டு இடம் தாவுகின்றன, ஆனால் நம் பார்வையைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால் குறை நெட்டில் இருக்கிறது. யாரும் இல்லாத தனிப் பயிற்சி ஓட்டத்திலும் திரை முழுவதும் தயங்கித் தயங்கி நகர்ந்தால் குறை கணினியில்தான் இருக்கிறது. கதிர், உனக்கு எது?

கதிர், 9:20
இரண்டாவது.

முரளி சித்தப்பா, 9:34
அப்படியானால் எந்த அமைப்பிலும் கை வைக்காதே. முதலில் எது மூச்சு முட்டுகிறது என்று பார்ப்போம். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனிப் படங்கள், வேண்டுமென்றால், ஒவ்வொரு ஃப்ரேமையும் கணினி ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 போதும் என்றால் 33.3 மில்லிநொடி கிடைக்கும். எல்லா ஃப்ரேமும் ஒரே சீராகத் தாமதமானால் விளையாட்டு மந்தமாக இருக்கும், ஆனால் பழகிவிடும். பத்து ஃப்ரேம் ஒழுங்காக வந்து பதினோராவது மட்டும் கால் நொடி தாமதமானால், சராசரி எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டி வளைவில் நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் ஆடு. பிறகு அங்கே தெரிவதை அப்படியே எழுது.

அருண், 9:35
அப்பா பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

தாத்தா, 9:37
நடத்தட்டும். பிழையில்லாமல் எழுதுகிறான்.

கதிர், 10:14
பார்த்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் பிராசஸர் 3.4 கிகாஹெர்ட்ஸ் காட்டியது. அதன் பிறகு 1.2க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. விசிறி விமானம் போல இரைகிறது. டிஸ்க் அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொடுகிறது, வண்டி நிற்பதும் அந்த நேரத்தில்தான். மெமரி, அதாவது ரேம், 8 ஜிபி, வேகம் 2400. ரேம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் 2இல் 1 என்று இருக்கிறது.

முரளி சித்தப்பா, 10:31
மூன்று நோய்கள் ஒரே உடம்பில் இருக்கின்றன. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு 1.2க்கு இறங்குவது வெப்பம். சூடு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது; எந்த மென்பொருளை நிறுவினாலும் இது மாறாது. விசிறிக்கும் வெளிக்காற்று போகும் வழிக்கும் இடையில் நெருக்கமான உலோகத் தகடுகள் இருக்கும். சில ஆண்டுகளில் அவற்றின் உட்புறத்தில் தூசு படிந்து கம்பளித் துண்டு போல ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கலா, 10:33
அது எங்களிடம் வந்த நாளிலிருந்தே இரைந்துகொண்டுதான் இருக்கிறது, தம்பி. அருணுக்குப் புதியது வந்ததால் பழையது இங்கே வந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

முரளி சித்தப்பா, 10:35
அண்ணி, நல்ல நிலையில்தான் கொடுத்தோம்.

நிலா, 10:36
கதிர் அதை மெத்தை மேல் வைத்துத்தான் ஆடுகிறான். காணொலி அழைப்பில் பார்த்திருக்கிறேன்.

கலா, 10:36
கதிர்!

முரளி சித்தப்பா, 10:40
அதுவும் ஒரு காரணம். அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறது. மெத்தை அவற்றை அடைத்துவிடும். மேசை மேல் வை. பின்புறத்துக்கு அடியில் இரண்டு மெல்லிய புத்தகங்களைக் கொடுத்துத் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

சனிக்கிழமை

சுமதி அத்தை, காலை 7:15
டிஸ்க் நிரம்பியிருக்கிறது என்று படங்களை அழித்துவிடாதே, கதிர். அம்மாவின் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கதிர், 7:40
அழிக்கவில்லை, அத்தை. டிஸ்க்கை இழுத்துக்கொண்டிருப்பது எது என்று இப்போதுதான் தெரிந்தது. நீங்கள் சொன்னதற்காகப் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்ற ஒரு மென்பொருளை நிறுவினேன் அல்லவா? அது பின்னணியில் ஓய்வில்லாமல் படித்துக்கொண்டே இருக்கிறது.

சுமதி அத்தை, 7:42
அப்படியென்றால் நிலா கவிழ்ந்ததற்கு நானா காரணம்?

நிலா, 7:42
அம்மாவா!

முரளி சித்தப்பா, 7:58
யாரும் காரணம் இல்லை, அக்கா. அதில் இருப்பது பழைய வகை, சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் முள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். விளையாட்டு சாலையின் அடுத்த பகுதியைக் கேட்கும்போது முள் படங்களின் பக்கம் போயிருந்தால், அது திரும்பி வரும்வரை வண்டி காத்திருக்க வேண்டும். ஆடும் நேரத்துக்கு மட்டும் படம் ஏற்றுவதை நிறுத்தி வைத்தால் போதும். விண்டோஸில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரில் ஆட்டத்தின் பின்னணிப் பதிவு இயங்கினால் அதையும் அணைத்துவிடு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அதைப் பிறகு பேசுவோம்.

கலா, 8:01
எல்லாமே பிறகுதான் பேசப்படுகிறது.

கதிர், 8:20
மூன்றாவது நோயைச் சொல்லவில்லையே, சித்தப்பா? மெமரி.

முரளி சித்தப்பா, 8:47
அதுதான் இதில் சுவையான பகுதி. உன் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், தன் வேலைக்கும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. 2400 வேகம் கொண்ட ஒரு ரேம் சிப் மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபிக்கு மேல் அந்த வழியில் போக முடியாது. அதே வகைச் சிப் இரண்டு இருந்தால் இரண்டு வழிகளும் திறந்து 38.4 ஆகிவிடும். இப்படிப்பட்ட கணினியில் ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நாம் வாங்கியபோது அதில் இரண்டு 8 ஜிபி சிப்கள் இருந்ததாகவே எனக்கு நினைவு.

கதிர், 8:48
இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

நிலா, 8:49
அருண் அண்ணா ‘தட்டச்சு செய்கிறார்’ என்று காட்டிக் காட்டி மறைகிறது.

அருண், 8:55
என் புதிய லேப்டாப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. இதிலிருந்து ஒன்றைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கலா, 8:56
நல்ல நிலையில்தான் கொடுத்தோம் என்று யாரோ நேற்று இரவு எழுதியிருந்தார்கள்.

சுந்தரம் மாமா, 8:57
நான் வாயைத் திறக்கவில்லை.

முரளி சித்தப்பா, 9:10
அருண், உன்னுடையதில் முதலில் இருந்தது 3200 வேகச் சிப். 2400 சிப்பை அதனுடன் சேர்த்ததால் இரண்டும் 2400இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். உனக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு, அதற்கென்று தனி நினைவகம் எல்லாம் இருப்பதால் ஒரு சிப்பை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் உனக்கு ஏற்படும் இழப்பு சிறியது. கதிருக்கோ ஆதாயம் பெரியது.

அருண், 9:12
நான் நிறைய டேப்களைத் திறந்து வைப்பவன், அப்பா. யோசிக்கிறேன்.

தாத்தா, 9:15
யோசிக்க என்ன இருக்கிறது?

கதிர், 11:30
கடையில் கேட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுத் திறந்தேன். விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, காற்றுக் குப்பியால் விட்டு விட்டு ஊதினேன். சித்தப்பா சொன்னது போலவே, சாம்பல் நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அப்படியே கழன்று வந்தது. அம்மா வேக்குவம் கிளீனரை எடுத்து வந்தார்கள். நிலைமின்சாரம் ஆபத்து என்று தடுத்துவிட்டேன்.

கலா, 11:31
உதவி செய்ய வந்தது தவறாகிவிட்டது.

கதிர், 11:58
இப்போது அரை மணி நேரம் ஆகப்போகிறது, 2.8க்குக் கீழே இறங்கவில்லை. நிற்பதும் இல்லை. ஆனால் ஃப்ரேம் எண்ணிக்கை 36, 44 என்று ஏறி இறங்குகிறது.

முரளி சித்தப்பா, பிற்பகல் 12:20
இனிதான் அமைப்புகளைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சாலையில் அதே சுற்றை ஓட்டிப் பார். முதலில் நிழல்களைக் குறைந்த நிலைக்குக் கொண்டு வா. அவை தின்னும் அளவுக்குக் கண்ணுக்குத் தருவதில்லை. அடுத்தது திரையின் அளவு. 1920க்கு 1080 என்பதை 1280க்கு 720 என்று குறைத்தால் வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600இலிருந்து 9,21,600 ஆகக் குறையும்.

தாத்தா, 12:22
சரியாக ஒன்பதில் நான்கு பங்கு.

அருண், 12:23
படம் மங்கலாக இருக்கும். விளையாட்டில் எஃப்எஸ்ஆர் இருந்தால் அதைப் பயன்படுத்து. ஏஎம்டி 2021இல் வெளியிட்டது. மற்ற நிறுவனங்களின் கிராபிக்ஸிலும் ஓடும். சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் கூர்மைப்படுத்தும்.

முரளி சித்தப்பா, 12:41
அருண் சொல்வது சரி. கடைசியாக ஒன்று: உன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. 40 ஃப்ரேம் வந்தால் சில ஃப்ரேம்கள் ஒரு புதுப்பிப்புக்கும் சில இரண்டு புதுப்பிப்புக்கும் நிற்கும். அந்த ஏற்றத்தாழ்வைத்தான் கண் தடுமாற்றமாக உணர்கிறது. 30 என்று வரம்பு வைத்தால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு புதுப்பிப்புக்கு நிற்கும். எண் குறைவு, ஓட்டம் சீர். எப்போதும் 60ஐ எட்ட முடியாத கணினியில் நான் 30ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நிலா, 12:42
பந்தயத்தில் 30 போதாது என்று நான் நினைக்கிறேன். திருப்பியதும் வண்டி திரும்ப வேண்டும்.

அருண், 12:43
நானும் அப்படியே. 40இலேயே விட்டுவிடு.

கதிர், 12:44
இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கதிர், மாலை 6:38
நிழல்கள் குறைவு, 720, எஃப்எஸ்ஆர் இல்லை. இந்த விளையாட்டில் அந்த வசதியே கிடையாது. தனியாக ஓட்டும்போது 30 நன்றாக இருக்கிறது, வண்டிகள் கூடும் இடத்தில் எது நல்லது என்று தெரியவில்லை. முதல் சுற்றை 30இல் தொடங்குகிறேன். அத்தை, படம் ஏற்றுவதை எட்டரை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சுமதி அத்தை, 6:40
பிறகு மறக்காமல் இயக்கிவிடு.

நிலா, 6:51
இந்த முறை நான் உனக்கு முன்னால் ஓட்டுகிறேன். அதுதான் பாதுகாப்பு.

கலா, 6:55
அருண், அந்தச் சிப் என்னவாயிற்று?

அருண், 6:56
பெரியம்மா, ஆட்டம் தொடங்கப்போகிறது.