என்லார்ஜரில் எல்.ஈ.டி.: பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?

கறுப்புவெள்ளை: நெகட்டிவைப் பெரிதாக்கி பேப்பரில் பிரிண்ட் போடும் என் என்லார்ஜர் பீசலர் 23சி. அதன் 75 வாட் ஓப்பல் (பால்வெள்ளைக் கண்ணாடி) டங்ஸ்டன் பல்பு போய்விட்டது. பதிலுக்கு வீட்டு உபயோகத்துக்கான 9 வாட் வார்ம் ஒயிட் எல்.ஈ.டி. போட்டேன். மல்டிகிரேடு பேப்பரில் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப கான்ட்ராஸ்ட் மாறும் பேப்பர்) கான்ட்ராஸ்டை மிக அதிகமாக்கும் 5ஆம் நம்பர் பில்டர் வைத்தும் பிரிண்ட் சப்பென்று வருகிறது. எல்.ஈ.டி. இருட்டறைக்கு ஆகாது.

நீலமும்பச்சையும்: குறை எல்.ஈ.டி.யில் இல்லை, நீங்கள் போட்ட வகையில்தான். வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீலச் சிப்பின் மேல் பாஸ்பர் (நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பொருள்) பூசியது. வார்ம் ஒயிட்டில் பூச்சு அதிகம், நீலம் குறைவு. 5ஆம் பில்டர் பச்சையைத் தடுத்து நீலத்தை விட வேண்டும். நீலமே கொஞ்சம் என்றால், கசிகிற பச்சையின் பங்கு கூடி கான்ட்ராஸ்ட் இறங்கிவிடும். நான் 450 நானோமீட்டர் நீலமும் 525 பச்சையும் தனித்தனி சுவிட்சில் வைத்திருக்கிறேன். பச்சையில் மென்மை, நீலத்தில் அழுத்தம். பில்டரே வேண்டாம்.

டங்ஸ்டன்கட்சி: அந்த பில்டர்கள் டங்ஸ்டனுக்கு அளந்து செய்தவை. பேப்பரும் பில்டரும் செய்யும் இல்ஃபோர்டு கணக்கில் 00 (மிக மென்மை) பில்டர் முதல் 3½ வரை வெளிச்சம் கொடுப்பது ஒரே நேரம், 4 முதல் 5 வரை இரட்டிப்பு. நீங்கள் சொல்வதில் இது அத்தனையும் போச்சு. என் பழைய நோட்டுப் புத்தகக் குறிப்புகளை என்ன செய்வது? கண்டென்சருக்கு (வெளிச்சத்தை நெகட்டிவ் மேல் குவிக்கும் லென்ஸ்) மேலே சிப்புகளை வரிசையாக வைத்தால் வெளிச்சமும் சமமாக விழாது.

நீலமும்பச்சையும்: வெளிச்சம் சமமாக விழாது என்பது உண்மை. பால்வெள்ளை அக்ரிலிக் வைத்த பிறகுதான் எனக்கு மூலைகள் தெளிந்தன. ஒளி பரவுவதால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், அதை நீலத்தைக் கூட்டி ஈடு செய்கிறேன். நெகட்டிவில் உள்ள கீறலும் தூசியும் அமுங்கிவிடுவது கூடுதல் லாபம். நோட்டைப் புதிதாக எழுதத்தான் வேண்டும், எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டங்ஸ்டன் சூட்டில் நெகட்டிவ் நடுவில் வளைந்து போகஸ் போவதை மறந்துவிட்டீர்களா? கரண்ட் கொஞ்சம் இறங்கினாலே பல்பு மங்கும், நிறமும் சிவக்கும்.

டங்ஸ்டன்கட்சி: சூடு விஷயத்தில் மறுப்பு இல்லை. கரண்டுக்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது. கையில் நல்ல ஓப்பல் பல்பு இருக்கும்வரை நான் மாற மாட்டேன்.

டைமர்காரர்: ஒன்று விட்டுப்போனது. சில வீட்டு எல்.ஈ.டி. பல்புகள் அணைத்த பிறகும் ஒரு கணம் மினுங்கும். ஒரே பேப்பரில் ஒரு பாதிக்கு ஒரே மூச்சில் 10 விநாடி வெளிச்சம், மறுபாதிக்கு பத்து முறை 1 விநாடி கொடுத்துப் பாருங்கள். சாம்பல் வேறுபட்டால் டைமரை நம்பிப் பயனில்லை.

கறுப்புவெள்ளை: இப்போதுதான் செய்து பார்த்தேன். பத்து முறை கொடுத்த பாதி கறுத்துவிட்டது. அந்தப் பல்பைக் கழற்றிவிட்டேன். 450, 525 சிப்புகளுக்கு எத்தனை வாட் எடுக்க வேண்டும், சொல்லுங்கள்.