தேவனாம்பட்டினம் வீட்டுக்குச் சின்ன கணினி: டிவி அலமாரிக்குள் வைத்தால் சூடு தாங்குமா?

கெடிலக்கரை:
வீட்டில் நாலு பேருக்கும் பொதுவா ஒரு கணினி கட்டணும். பிள்ளைகள் பாடம், போட்டோ, எப்பவாவது வீடியோ எடிட்டிங். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். போட்டு வச்ச கணக்கு: உள் கிராபிக்ஸோட வர்ற ரைசன் 5 8600ஜி பிராசஸர், மினி ஐடிஎக்ஸ் (சின்ன அளவு) மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 37 மி.மீ. உயர நாக்டுவா என்எச்-எல்9ஏ கூலர், 8 லிட்டர் கொள்ளளவு கேபினெட். ஹாலில் ஏசி கிடையாது, கத்திரியில் உள்ளேயே 36 டிகிரி. கதவு போட்ட டிவி அலமாரியில்தான் இடம். கடல் அரை கிலோமீட்டர். இதில் எதை மாத்தணும்?

முத்தியால்பேட்டை_ஐடிஎக்ஸ்:
முதல்ல அலமாரிக் கதவு. கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதுக்குக் கிடைக்கிற காத்தை விடக் குளிர்ச்சியா சிப்பை வைக்க முடியாது. ரிவ்யூக்களில் அறை பெரும்பாலும் 22–25 டிகிரி. அங்கே 78 காட்டினா உங்க ஹாலில் 90ஐத் தொடும். மூடின அலமாரிக்குள் விட்ட சூடே திரும்ப உள்ளே வரும்; 8600ஜியின் வரம்பான 95 வந்ததும் சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். எரிஞ்சு போகாது, ஆனா வீடியோ எக்ஸ்போர்ட் நேரத்தில் விசிறி கத்திக்கிட்டே இருக்கும். கதவைக் கழட்டுங்க, பின்பக்கப் பிளைவுட்டையும் எடுத்துடுங்க. ரெண்டும் முடியாதுன்னா அலமாரி மேலே வையுங்க.

அடுத்தது பயாஸில் (போர்டோட செட்டிங்ஸ் திரை) ஈகோ மோடு, அதாவது சிப் இழுக்கிற கரண்டைக் குறைக்கிற அமைப்பு. 45 வாட்னு பேர் இருக்கும். நிஜத்தில், வழக்கமா 88 வாட் வரை இழுக்கிற சிப் சுமார் 60 வாட்டில் நிக்கும். நீங்க சொன்ன வேலைகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. இது காசில்லாத கூலர் மாதிரி.

ரேம் ஒரே ஸ்டிக் வேண்டவே வேண்டாம். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, இந்த ரேமைத்தான் பயன்படுத்தும். ஒரு ஸ்டிக் போட்டா ரேமுக்கு டேட்டா போய்வர்ற பாதை பாதியாயிடும். 8+8 போடுங்க, முடிஞ்சா 16+16.

மஞ்சக்குப்பம்_பெஞ்ச்:
ஈகோ மோடு சரி. ஆனா 8 லிட்டர் பிடிவாதம் எதுக்கு? 92 மி.மீ. அகலம், 14 மி.மீ. கனம் உள்ள சின்ன விசிறி இந்த ஊர் மே மாசத்தில் முழு வேகத்தில்தான் ஓடும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி 18 லிட்டர் பெட்டின்னா எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) பவர் சப்ளை, உயரமான டவர் கூலர், 120 மி.மீ. விசிறி எல்லாம் உட்காரும். பெரிய விசிறி மெதுவா சுத்தியே அதே காத்தைத் தள்ளும்.

சின்னதுதான்னு முடிவு பண்ணினா, கேபினெட்டில் கூலருக்கு 55 மி.மீ. உயரம் இடம் இருக்கான்னு பாருங்க. 8600ஜி பெட்டியோட வர்ற ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ. தான், தனியா கூலர் வாங்கவே வேண்டாம். விசிறிக்கும் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டு ஓட்டைகளுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விட்டா பெட்டிக்குள்ள இருக்கிற சூட்டையே உறிஞ்சும். சுத்தி ஃபோம் பட்டை ஒட்டி, வெளிக்காத்தை மட்டும் இழுக்க வையுங்க. என்விஎம்இ ஸ்லாட் போர்டுக்குப் பின்பக்கம் இருந்தா அங்கே காத்தே போகாது. முன்பக்கம், ஹீட்சிங்க் மூடியோட இருக்கிற போர்டைத் தேடுங்க.

உப்பங்காத்து:
ரெண்டு பேரும் சூட்டைப் பேசினீங்க. கடல் ஓரத்தில் போர்டைக் கொல்றது பெரும்பாலும் உப்புத் தூசி. காத்தில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா கரைஞ்சு ஈரமாகும். நம்ம ஊரில் அது பெரும்பாலான நாள் விடியற்காலையே நடக்கும். அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், ரேம் முனை, யுஎஸ்பி முனை எல்லாம் அரிக்கும்.

அதனால் உள்ளே இழுக்கிற விசிறி அதிகம், வெளியே தள்ளுறது குறைவு. இழுக்கிற பக்கம் மட்டும் வலை ஃபில்டர். அப்பதான் ஃபில்டர் இல்லாத இடுக்கு வழியா தூசி நுழையாது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. ஃபில்டரை மாசம் ஒருமுறை கழுவி, நல்லா காஞ்ச பிறகு மாட்டுங்க. புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா பேரிங் போயிடும். ரேம் முனைக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கா அணைச்சு வைக்காம தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க, அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

கெடிலக்கரை:
நன்றி. கதவு கழட்டியாச்சு, 18 லிட்டருக்கே போறேன். வீட்டு இன்வர்டர் போதுமா, தனி யுபிஎஸ் வேணுமா?

மஞ்சக்குப்பம்_பெஞ்ச்:
சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரி சீரான அலை தர்ற) இன்வர்டரா, அதில் 'யுபிஎஸ் மோடு' இருக்கான்னு பாருங்க. அந்த மோடில் போட்டா கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறுற நேரம் குறையும், கணினி ரீஸ்டார்ட் ஆகாது. ஸ்கொயர் வேவ்னா தனி யுபிஎஸ் வாங்குங்க. இந்தக் கணினிக்கும் மானிட்டருக்கும் 600 விஏ தாராளம்.

இன்னொண்ணு. முதல் தடவை ஆன் செய்ததும் டிடிஆர்5 ரேமைப் போர்டு பழக்கிக்க சில நிமிஷம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாவே இருக்கும். கெட்டுப்போச்சுன்னு பிளக்கைப் பிடுங்கிடாதீங்க. கரண்ட் போகாத நேரமா பார்த்து ஆன் பண்ணுங்க.